பாட்டன் பிறந்த ஊர்

அமெரிக்க தேசத்தாரிடம் நமக்கு வேடிக்கையாகத் தோன்றும் பழக்கங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்று, தங்கள் பாட்டனுக்குப் பாட்டன் இங்கிலாந்தில் எந்தக் கிராமத்தில் பிறந்தான் என்று தேடி அலைவது. ஓய்வும் கையில் சிறிது பணமும் உள்ள ஒருவர் அறுபது வயதில் உத்தியோகத்தை விட்டு விலகினால், நம் நாட்டில் காசி யாத்திரைக்குப் புறப்படுவார். அமெரிக்காவிலோ கடல் கடந்து சென்று, ஏதோ ஒரு சிற்றூரின் மாதாகோயிலில் பழைய ஏடுகளைப் புரட்டப் புறப்பட்டு விடுவார்.

1620-ஆம் ஆண்டில் "மேபிளவர்" என்னும் கப்பல் 102 பிரயாணிகளுடன் அமெரிக்கக் கரையை அடைந்தது. அதன் பின் இருபது ஆண்டுகளுக்குள் சுமார் 20,000 ஆங்கிலேயர்கள் அதே கரைக்குக் குடிபெயர்ந்தார்கள். இவர்களுடைய பூர்விகத்தை ஆராய்வதற்கென்றே பாஸ்டன் நகரில் 1845-இல் ஒரு சங்கம் தோன்றியது. 1988-இல் அச்சங்கத்தின் ஆதரவில் தொடங்கிய ஒரு பெரு முயற்சி, முதலில் வந்தவர்களை ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு, "இவர் யார், எந்த ஊர், யார் மகன்?" என்று விசாரித்து, தொகுதி தொகுதியாக நூல்கள் வெளியிட்டது.

இவ்வாராய்ச்சி நடப்பதற்கு ஆதாரமாக உள்ளது ஒரு பழைய உத்தரவு. எட்டாம் ஹென்றி மன்னருடைய மந்திரி தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு மாதாகோயிலிலும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றையும் ஏட்டில் பதிய வேண்டும் என்று 1538-இல் கட்டளையிட்டார். பிரபுவின் குழந்தையும் குடியானவன் குழந்தையும் ஒரே ஏட்டில் ஏறின. கரையானுக்கும் ஈரத்துக்கும் தப்பிய ஏடுகள் இன்றும் உள்ளன. ஆபிரகாம் லிங்கனுடைய மூதாதையான சாமுவேல் லிங்கன் 1637-இல் கப்பலேறினார். அவர் நார்போக் ஜில்லாவிலுள்ள ஹிங்கம் என்னும் ஊரைச் சேர்ந்தவர் என்பது இப்படித்தான் நிச்சயமாயிற்று. அவ்வூரிலிருந்து பல குடும்பங்கள் ஒன்றாகப் போய், அமெரிக்காவில் தாங்கள் குடியேறிய இடத்துக்கும் ஹிங்கம் என்றே பெயரிட்டார்கள்.

ஆசை இருக்கும் இடத்தில் மோசடியும் இருக்குமல்லவா? சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் குஸ்தாவ் அஞ்சூ என்றொருவர், பணக்கார அமெரிக்கர்களுக்கு ராஜ வம்சத்து மூதாதைகளைத் தயார் செய்து கொடுத்து நல்ல வரும்படி பார்த்தார். அவர் புனைந்த வம்சாவளிகளை மெய்யென்று நம்புகிறவர்கள் இன்றும் இருப்பதாகக் கேள்விப்படுகிறோம்.

நம்மவர் கப்பல்

தேனியை ஒட்டிய அல்லிநகரத்தில் அமர்ந்துகொண்டு, மேற்கே நிற்கும் மலைத் தொடரைப் பார்த்தபடி இந்தச் சமாசாரங்களைச் சிந்திக்கும்போது, நமக்கு வேறு கப்பல்கள் நினைவுக்கு வருகின்றன.

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி "ட்ரூரோ" என்னும் கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற நம்மவர்களின் முதற்கப்பல் அது. 1911-இல் அந்த வியாபாரம் நிற்பதற்குள் 1,52,000-க்கு மேற்பட்ட இந்தியர்கள் நேட்டாலில் இறக்கப்பட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தின் வழியாகப் போனவர்கள். மோரீஷஸ் தீவுக்கு 1834 முதலே இந்தியர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே சென்றவர்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம். பிஜித் தீவுக்கு 1879 முதல் 1916 வரையில் சென்ற 60,000 பேரில், 1903-க்குப் பின் சென்னையில் கப்பலேறிய தென்னாட்டாரும் உண்டு. இலங்கைக்கும் மலேயாவுக்கும் பர்மாவுக்கும் போனவர்கள் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். அது தனிக் கணக்கு, இதைவிடப் பெரிய கணக்கு.

ஏன் போனார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. 1876 முதல் 1878 வரையில் சென்னை ராஜதானியை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் பாட்டிமார் சொல்லக் கேட்டவர்கள் நம்மிடையே சமீப காலம் வரையில் இருந்தார்கள். முல்லைப் பெரியாற்றின் நீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திரும்பியது 1895-இல்தான். அதற்கு முன் மழை பொய்த்த ஆண்டுகளில், விதை நெல்லையும் சமைத்து உண்டு விட்டவனுக்கு, "அக்கரையில் சம்பளம் உண்டு, அரிசி உண்டு" என்ற ஆள்கட்டியின் வார்த்தை தேவ வாக்காக ஒலித்ததில் ஆச்சரியம் என்ன?

போனவர்களைச் சர்க்கார் வெறுமனே அனுப்பவில்லை. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தது. நேட்டால் கப்பல் ஜாபிதாக்களில் அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு ஆகிய யாவும் எழுதப்பட்டிருக்கின்றன. மோரீஷஸில் 1860-களிலிருந்து கூலிகளைப் போட்டோவும் பிடித்தார்கள். அந்தப் படங்கள் மோகா என்னும் ஊரில் மகாத்மா காந்தி நிலையத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. கையில் எண் பலகையுடன், காமிராவை நேராகப் பார்க்கும் அந்த முகங்களைக் கண்டவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள்.

இங்கே ஒரு விந்தை இருக்கிறது. ஊரில் தங்கிய ஏழைக் குடியானவனுக்கு அக்காலத்தில் எந்த ஏட்டிலும் இடம் இல்லை. நிலம் இருந்தால் கர்ணத்தின் கணக்கில் பெயர் ஏறும். இல்லாவிட்டால் பிறந்ததும் தெரியாது, இறந்ததும் தெரியாது. ஊரை விட்டு விற்கப்படாத குறையாகக் கப்பலில் ஏற்றப்பட்டவனுக்கோ, தகப்பன் பெயர் முதல் முழங்கால் தழும்பு வரையில் எழுத்தில் இருக்கிறது. ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிய அந்த அடையாளமே, நூற்றைம்பது ஆண்டுகள் கழித்துப் பேரனுடைய பேரன் தன் ஊரைக் கண்டுபிடிப்பதற்கு விளக்காக ஆகியிருக்கிறது!

காகிதம் ஒன்று வந்தால்

ஒரு பேச்சுக்காக வைத்துக்கொள்வோம். டர்பன் நகரத்து உபாத்தியாயினி ஒருவர் தம் முப்பாட்டனாரின் கப்பல் ஜாபிதாவிலிருந்து ஒரு வரியைப் பிரதி எடுத்துக்கொண்டு அல்லிநகரத்துக்கு வந்து இறங்குகிறார். அவருக்குத் தமிழ் பேச வராது. ஆனால் புடைவை கட்டியிருக்கிறார். நெற்றியில் குங்குமம் இருக்கிறது. காகிதத்தில் "மதுரை ஜில்லா, பெரியகுளம் தாலுகா" என்று இருக்கிறது. கிராமத்தின் பெயர் ஆங்கில எழுத்தில் சிதைந்து கிடக்கிறது. இனி அவர் என்ன செய்ய வேண்டும்?

முதலாவதாக, ஜில்லாவை உறுதி செய்துகொள்ள வேண்டும். தேனி மாவட்டம் என்று ஒன்று ஏற்பட்டது 1996-இல்தான். அதற்கு முன் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் மதுரையைச் சேர்ந்தது. பழைய ஜாபிதாவில் தேனி மாவட்டத்தைத் தேடுவது, ராமாயணத்தில் ரயில்வே ஸ்டேஷனைத் தேடுவது போலத்தான். அல்லிநகரமும் இன்று தனித்து நிற்கவில்லை. தேனி அல்லிநகரம் என்ற நகராட்சிப் பெயரில் பாதியாக இருக்கிறது.

இரண்டாவதாக, ஊர் இதுதானா என்று பார்க்க வேண்டும். பெரம்பலூர்ப் பக்கத்தில் ஆலத்தூர் தாலுகாவிலும் ஓர் அல்லிநகரம் உண்டு. காகிதத்தில் மதுரை ஜில்லா என்று இருந்தால் கவலையில்லை. அந்த வரி கிழிந்திருந்தால் அம்மையார் நூற்றைம்பது மைல் தள்ளி வேறோர் ஊரில் அழுதுவிட்டுப் போக நேரிடலாம். புதுப்பட்டி, மேலப்பட்டி என்று எழுதியிருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு தாலுகாவுக்குள்ளேயே அவற்றை எண்ணி முடியாது.

மூன்றாவதாக, பெயரை மீட்க வேண்டும். நம் மொழியின் ல, ள, ழ மூன்றும் ஆங்கிலக் குமாஸ்தாவின் பேனாவில் ஒன்றாகி விட்டன. அதற்கு மேல், நமக்குக் குடும்பப் பெயர் என்பதே கிடையாது. அவர்களுக்கோ அது இல்லாமல் கணக்கு நடக்காது. ஆகவே அக்கரையில், தகப்பன் பெயரோ சாதிப் பட்டமோ எது கைக்கு அகப்பட்டதோ அது குடும்பப் பெயராக உறைந்து போயிற்று. முனுசாமி "மூன்சாமி" ஆனார். முதலியார் "மூட்லி" ஆனார். மோரீஷஸில் ஆறுமுகம் "ஆர்மூகம்" ஆகி, அவருடைய சந்ததியார் அனைவரும், பெண்கள் உள்பட, ஆர்மூகம் என்றே அழைக்கப்படுகிறார்கள். பட்டத்தைக் கொண்டு சாதியை முடிவு செய்வதும் அபாயம். கப்பலேறும்போது ஒரு சாதியைச் சொன்னவர்களும், இறங்கிய பின் வேறு பட்டத்தைச் சூட்டிக்கொண்டவர்களும் உண்டு. கப்பல் தளத்தில் ஒரே அண்டாவிலிருந்து சோறு வாங்கி உண்டவர்களிடம் சாதி தளர்ந்து போனதற்காக நாம் கண்ணீர் விட வேண்டியதில்லை.

அமெரிக்க ஆராய்ச்சிக்காரர்கள் கையாளும் யுக்தி ஒன்று இங்கே உதவும். ஒருவனைத் தனியாகத் தேடாதே. அவனோடு கப்பலேறிய அயலாரையும் சேர்த்துத் தேடு என்பது அவர்கள் பாடம். ஹிங்கம் ஊரார் கூட்டமாகப் போனது போலவே, நம்மவர்களும் பெரும்பாலும் தெரிந்தவர் பின்னால்தான் போனார்கள். ஜாபிதாவில் அடுத்தடுத்த எண்களில் உள்ளவர்கள் ஒரே கிராமத்தைச் சொல்லியிருந்தால், அந்தக் கிராமத்தின் பெயர் நான்கு விதமான எழுத்துப் பிழைகளுடன் கிடைக்கும். நான்கு பிழைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் சரியான பெயர் தெரிந்துவிடும்.

ஏடு இல்லாத இடத்தில்

காகிதம் ஊர் எல்லை வரையில்தான் கொண்டுவந்து விடும். அதற்கு அப்பால் என்ன செய்வது? நம் கிராமங்களில் 1538-இன் மாதாகோயில் ஏடு கிடையாது. தலைமுறை தலைமுறையாகக் கணக்கு வைத்திருந்த கர்ணம் பதவியும் 1980-இல் ஒழிந்துவிட்டது. ஆயினும் நம்மிடம் வேறொரு ஏடு இருக்கிறது. அதற்குக் குலதெய்வம் என்று பெயர்.

தமிழ்க் குடும்பம் எத்தனை ஊர் மாறினாலும், வருஷத்தில் ஒரு நாள் பொங்கல் வைப்பதற்கு ஆதி ஊருக்குப் போகும். அது முடியாத தூரமானால், பழைய கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துவந்து புதிய ஊரில் தெய்வத்தை நாட்டும். கோயிலில் கூடுகிறவர்கள் பங்காளிகள்; அவர்களுக்குள் பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. ஆகவே யார் யாருக்கு என்ன முறை என்பதைக் கிழவர்கள் தவறாமல் நினைவில் வைத்திருக்க வேண்டிய அவசியம் உண்டு. அல்லிநகரத்து வீரப்ப அய்யனார் கோயிலை எடுத்துக்கொண்டாலும் சரி, பள்ளத்தாக்கின் மற்ற காவல் தெய்வங்களை எடுத்துக்கொண்டாலும் சரி, சாமி கும்பிட வருகிறவர்களுடைய ஊர்களை எழுதிப் பார்த்தால், அது ஒரு குடிபெயர்ச்சிச் சரித்திரமாகவே இருக்கும்.

இந்தப் பள்ளத்தாக்கே வந்தேறியவர்களின் பள்ளத்தாக்கு என்று சொல்லலாம். கம்பத்தில் கன்னடம் பேசும் காப்பிலியர்கள், தாங்கள் கன்னட நாட்டிலிருந்து மாட்டு மந்தைகளோடு இறங்கி வந்ததாகச் சொல்கிறார்கள். தம்பிரான் மாடு என்று தெய்வத்துக்கு விட்ட மந்தையை இன்றும் போற்றி வருகிறார்கள். அவர்களிடம் பட்டயம் கேட்டால் மந்தையைக் காட்டுவார்கள். தெலுங்கு பேசுவோரிடமும் இப்படிப்பட்ட கதைகள் உண்டு. இவற்றில் எது நடந்தது, எது கூட்டியது என்று பிரித்தறிவது சரித்திர ஆசிரியர் வேலை. ஆனால், தான் வேறிடத்திலிருந்து வந்தவன் என்பதை மறவாத மனிதன், வருகிறவனைச் சற்று மரியாதையாகவே வரவேற்பான்.

கடல் கடந்தவர்களும் தெய்வத்தை விடவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் மார்த்தினிக் தீவுக்குக் கொண்டுபோன தமிழர்களின் சந்ததியார் தமிழை மறந்து விட்டார்கள். ஆனால் அவர்கள் வணங்கும் குதிரை வீரனுக்கு "மால்தெவிலான்" என்று பெயர். மதுரை வீரன்தான் அப்படிச் சிதைந்திருக்கிறான். இதைக் கொண்டு அவர்கள் எல்லாரும் மதுரைக்காரர்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மதுரை வீரனுக்குத் தமிழ் நாடெங்கும் கோயில் உண்டு. தெய்வத்தின் பெயர் நாட்டைக் காட்டும்; ஊரைக் காட்டுவதற்கு இன்னொரு சாட்சி வேண்டும். காகிதமும் தெய்வமும் ஒரே ஊரைச் சுட்டினால்தான் வழக்கு ஜெயம்.

பிறப்பைக் கேட்ட சட்டங்கள்

"இதெல்லாம் ஓய்வுள்ளவர்களின் பொழுதுபோக்கு, நமக்கு ஆயிரம் வேலை இருக்கிறது" என்று நேயர்களில் சிலர் நினைக்கலாம். அமெரிக்கருக்கு இது பொழுதுபோக்கு என்பதில் சந்தேகமில்லை. தம் பாட்டன் ஊர் தெரியவில்லை என்பதற்காக ஓர் அமெரிக்க வெள்ளையரை யாரும் வீட்டை விட்டு வெளியேற்றியது கிடையாது. நம்மவர் கதை வேறு.

1913-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தென்னாப்பிரிக்காவில் சேர்ல் என்னும் நீதிபதி, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத விவாகம் அந்நாட்டுச் சட்டத்தில் விவாகம் ஆகாது என்ற பொருள்பட ஒரு தீர்ப்புச் சொன்னார். தாலி கட்டிய மனைவி மனைவியல்ல. அவள் பெற்ற குழந்தை வாரிசல்ல! அந்த அவமானத்தைக் கண்டுதான் நம் பெண்மக்கள் காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தில் குதித்தார்கள். ஜோஹானஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மை சிறை சென்று, நோயுடன் வெளிவந்து, 1914 பிப்ரவரி 22-இல் தம் பதினாறாம் வயதில் உயிர் நீத்தார். அவருடைய பெற்றோரின் ஊர் தஞ்சை ஜில்லாவில் அக்காலத்தில் இருந்த தில்லையாடி. காந்தியடிகள் தாயகம் திரும்பியதும், 1915-இல் அந்தச் சிற்றூரைத் தேடிக்கொண்டு சென்றார். தம்முடன் போராடியவர்களின் ஊர் மண்ணை மிதிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பூர்விகத்தைத் தேடுவதற்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி நமக்கு வேண்டியதில்லை.

இலங்கையில் நடந்தது இன்னும் கொடிது. 1948-ஆம் ஆண்டின் பிரஜா உரிமைச் சட்டம் என்ன கேட்டது? இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனாரும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது பாட்டனாரும் முப்பாட்டனாரும் அங்கே பிறந்திருக்க வேண்டும். காட்டை அழித்துக் கோப்பியும் தேயிலையும் பயிரிட்டவர்கள், தோட்ட லயத்தில் பிறந்த தகப்பனுக்குச் சர்ட்டிபிகேட் எங்கே போய்த் தேடுவார்கள்? அவர்களிடம் கங்காணியின் கடன் கணக்கு இருந்தது. பிறப்புக் கணக்கு இல்லை. அடுத்த ஆண்டு வந்த மற்றொரு சட்டத்தின்படி எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் உரிமை கோரியதில், ஏறத்தாழ 1,34,000 பேருக்கே அது கிடைத்தது.

மற்றவர்கள் எந்த நாட்டுக்கும் உரியவராகாமல் நின்றார்கள். 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் செய்துகொண்ட ஒப்பந்தம், 9,75,000 பேரைத் தராசில் நிறுத்துப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு. 1974-இல் அந்த மீதியையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். மண்டபத்தில் வந்து இறங்கியவர்களிடம் "சொந்த ஊர் எது?" என்று கேட்டபோது, கண்டியையும் நுவரெலியாவையும் தவிர வேறு ஊர் அறியாதவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? பலர் நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் மறுபடியும் அதே மலை, அதே குளிர், அதே கூலி வேலை என்று அமர்ந்தார்கள். இலங்கையில் எஞ்சியவர்களுக்கு முழுமையாக உரிமை வழங்கும் சட்டம் 2003-இல்தான் நிறைவேறியது. ஒரு முப்பாட்டனாரின் பிறப்புச் சீட்டு இல்லாத குறைக்கு ஐம்பத்தைந்து ஆண்டுத் தண்டனை!

வெகு தூரம் போக வேண்டாம். போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலையைத் தாண்டினால் தேவிகுளமும் மூணாறும். கண்ணன் தேவன் மலைத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டு ஜில்லாக்களிலிருந்து ஆட்கள் ஏறிப்போன பாதைகளில் இது ஒன்று. 1956-இல் மாகாணங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது அந்த மலை கேரளத்துக்குப் போயிற்று. அங்குள்ள ஆதிதிராவிடத் தொழிலாளியின் குழந்தை சாதிச் சான்று கேட்டால், "உன் முன்னோர் 1950-க்கு முன் இங்கே குடியிருந்தார்களா?" என்ற கேள்வி எழுகிறது. தேவிகுளம் தனித் தொகுதியில் வெற்றி பெற்ற சட்டசபை உறுப்பினர் ஒருவரின் தேர்தலைக் கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் செல்லாதென்று சொல்லி, 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் செல்லுமென்று தீர்ப்பளித்தது. அவருடைய பாட்டனார் காலத்தில் குடும்பம் எப்போது மலையேறியது என்பதும் அவ்வழக்கில் எழுந்த கேள்விகளில் ஒன்று. சட்டசபை உறுப்பினருக்கே இந்தப் பாடென்றால், கொழுந்து பறிக்கும் பெண்ணின் மகளுக்கு எப்படியிருக்கும் என்று நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

நல்லதற்கும் பூர்விகம் பயன்படாமலில்லை. வெளிநாட்டிலுள்ள இந்திய வம்சத்தினருக்கு நம் சர்க்கார் அளிக்கும் உரிமை அட்டைக்கு, முப்பாட்டனார் வரையில் உறவைக் காட்ட வேண்டும். மோரீஷஸ் மக்களுக்கு அதை ஏழாவது தலைமுறை வரையில் நீட்டுவதாக 2024 மார்ச்சில் நம் ஜனாதிபதி அங்கே சென்றிருந்தபோது அறிவிக்கப்பட்டது. எண் போட்டு அனுப்பியவர்களின் சந்ததியை நாடு மறுபடி பெயர் சொல்லி அழைக்கிறது. இது காலம் கடந்த நியாயம்தான், ஆனாலும் நியாயம்.

வீட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம்

தர்ப்பணம் செய்கிறவர் தகப்பனார், பாட்டனார், முப்பாட்டனார் என்று மூன்று தலைமுறைப் பெயரைச் சொல்கிறார். இலங்கைச் சட்டமும் முப்பாட்டனார் வரையில்தான் கேட்டது. நம்மில் எத்தனை பேருக்கு அந்த மூன்று பெயரும் தெரியும்? பாட்டியின் தாயார் எந்த ஊரில் பிறந்தவள் என்று கேட்டால், பட்டம் பெற்றவர்களும் விழிக்கிறார்கள். ஆணுடைய ஊராவது குலதெய்வத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கட்டிக்கொடுத்த பெண்ணின் ஊர் ஒரே தலைமுறையில் மறைந்துபோகிறது.

ஆகவே நேயர்களுக்கு நாம் ஒரு விண்ணப்பம் செய்துகொள்கிறோம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். வீட்டில் வயதானவர் இருக்கும்போதே அவரருகில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். பெயர், பிறந்த ஊர், அக்காலத்துத் தாலுகா, ஜில்லா, குலதெய்வம், வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களின் பிறந்தகம் ஆகியவற்றைக் குறியுங்கள். "சித்தப்பா ஒருவர் கண்டிச் சீமைக்குப் போனார், திரும்பவில்லை" என்று பாட்டி சொன்னால், அந்த வரியை அலட்சியம் செய்யாதீர்கள். அதுதான் அந்தப் புத்தகத்தில் மிக முக்கியமான வரி. கேட்டதைக் கேட்டபடி எழுதுங்கள். ராஜ வம்சத்தை நுழைக்காதீர்கள். அஞ்சூக்கள் நம் நாட்டிலும் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்கரையிலிருந்து ஒருவர் காகிதத்தோடு வந்து தெருவில் நின்றால், கிராமத்தில் முதலில் எழும் சந்தேகம், "நிலத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறாரோ?" என்பதுதான். அந்தப் பயத்தை விட்டுவிடலாம். நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அவருடைய முன்னோர் அம்மையநாயக்கனூர் ரயிலடி வரையில் கால்நடையாகவே போயிருப்பார். போடி வரையில் ரயில் வந்தது 1928-இல்தானே! கையில் ஒன்றும் இல்லாமல் போனவரின் சந்ததி, இன்று ஒன்றும் கேட்க வரவில்லை. "ஆமாம், அப்படி ஒருவர் எங்கள் தெருவிலிருந்து போனதாகச் சொல்வார்கள்" என்ற ஒரு சொல்லைக் கேட்கத்தான் அவர் ஏழு கடல் தாண்டி வந்திருக்கிறார். அதைச் சொல்வதற்கு நம்மிடம் ஏதாவது எழுதி வைத்திருக்க வேண்டும். வந்தவரை உட்காரச் சொல்லி, ஒரு தம்ளர் மோர் கொடுத்து, தெருவிலேயே வயதில் மூத்தவரை அழைத்துவரப் பையனை அனுப்புவது நம் கடமை.